கற்பூரவல்லியோடு உள்ளே வந்த பனி

ஊசிமட்டத்தில் வீடுகள் இரண்டு வரிசையாக நிற்கின்றன; ஆகவே அங்கே நடந்த எதற்கும் குறைந்தது இரண்டு சொல்முறை உண்டு. தெய்வானையின் வீட்டுக்குள் பனி வந்து தங்கியது கார்த்திகை இருபதாம் நாள் மாலை என்பர் மேல்வரிசையார். இருபத்தொன்று என்பர் கீழ்வரிசையார். முதலில் அது உட்கார்ந்த இடம் சன்னலோரப் பலகை என்பாரும் உண்டு, அடுப்படி என்பாரும் உண்டு. ஆனால் வந்தது பனிதான் என்பதிலும், கற்பூரவல்லித் தொட்டியோடுதான் அது வாசலைத் தாண்டியது என்பதிலும், அது வீட்டுக்குள் இருந்தவரை ஊசிமட்டத்து வயல் எதிலும் ஒரு பொட்டுப் பனி விழவில்லை என்பதிலும் எவருக்கும் வேறுபாடு இல்லை.

ஊசிமட்டத்தார் சரிவில் உருளைக்கிழங்கும் கேரட்டும் போடுவார்கள். வீட்டை ஒட்டிய துண்டு நிலத்தில், குன்னூர் ஓட்டல்களுக்கும் மருந்துக்கடைகளுக்கும் என்று, தைம் என்ற வாசனைத் தழையும் திருநீற்றுப்பச்சிலையும் எலுமிச்சைப்புல்லும் கற்பூரவல்லியும் வளர்ப்பார்கள். நிலத்தில் இருப்பது மார்கழிப் பனியில் கருகிப் போகும் என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு வகையிலும் ஒரு தாய்ச்செடியை உடைந்த குடத்திலோ பெயிண்ட் வாளியிலோ தனியே வளர்த்து, வானம் துடைத்துவிட்டாற்போல் தெளிகிற முதல் கார்த்திகை மாலையில் வீட்டுக்குள் எடுத்துவந்து, அடுப்பின் வெக்கை சுடாத, ஆனால் அடுப்பை மறந்துவிடவும் முடியாத தூரத்தில், சன்னலோரப் பலகையில் வைத்து, நாலு நாளைக்கொரு தரம் அரை டம்ளர் தண்ணீர் காட்டி, வெளிச்சத்தின் பக்கம் சாய்ந்தால் தொட்டியைத் திருப்பி வைத்து, மாசி முடியும்வரை காப்பாற்றுவார்கள். பங்குனியில் அந்தத் தாய்ச்செடியிலிருந்துதான் குச்சி வெட்டி நடவேண்டும். தாய்ச்செடி போனால் அந்த ஆண்டே போயிற்று.

செடியை உள்ளே எடுக்க இருவர் வேண்டும் என்பது அங்கே விதி. ஒருவர் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்பார், மற்றவர் உள்ளே நின்று, "ஆரு வர்றது?" என்று கேட்பார். "செடி மட்டும்" என்பார் தூக்கி நிற்பவர். உடனே உள்ளே இருப்பவர் புறங்கையால் மண்ணையும் இலையின் அடிப்பக்கத்தையும் தொட்டியின் விளிம்பையும் தடவிப் பார்ப்பார். மண்ணுக்கு உரியதைவிட ஒரு நூல் கூடுதலாகக் குளிர்ந்தாலும் அந்தத் தொட்டி மறுநாள் மாலைவரை வெளியே கூரை இறவாரத்தின் கீழ் சாக்கின்மேல் இருக்க வேண்டியதுதான். தெய்வானைக்கு ஐம்பத்திரண்டு வயது. கணவர் இறந்து நான்கு ஆண்டு. ஒரே மகள் கோகிலவாணியைக் காரமடைக்குக் கட்டிக்கொடுத்து இரண்டு ஆண்டு. அந்த இரண்டு ஆண்டும் எதிர்வீட்டுப் பிலோமினாதான் உள்ளே நின்று கேள்வி கேட்டாள். அன்று பிலோமினா பல் பிடுங்கக் குன்னூர் போயிருந்தாள். வானமோ தெளிந்துகொண்டே வந்தது. ஆறு மணிக்கு மகள் போன் செய்வதாகச் சொல்லியிருந்தாள். தெய்வானை கற்பூரவல்லித் தொட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். கேட்டவளும் அவளே, சொன்னவளும் அவளே. தடவிப் பார்க்கத்தான் மூன்றாவது கை இல்லை.

மறுநாள் காலையில் தொட்டியைச் சுற்றிப் பலகை ஒரு சாண் அகலத்துக்கு வெளுத்திருந்தது. துடைப்பத்தால் தள்ளினாள், தள்ளிய இடத்தில் மீண்டும் படிந்தது. வெந்நீர் ஊற்றினாள், வெந்நீர் கண்ணாடித் தகடாகி நின்றது. நடுவில் கற்பூரவல்லி மட்டும், தடித்த இலை ஒவ்வொன்றின் ஓரத்திலும் வெள்ளைச் சரிகை கட்டிக்கொண்டு, பச்சை மாறாமல் நிமிர்ந்திருந்தது. தெய்வானை திடுக்கிடவில்லை. பனி என்பது அவள் பிறந்ததிலிருந்து அறிந்த ஒன்று. அது இருக்கும் இடம்தான் மாறியிருந்தது. அவள் பயந்தது வேறொன்றுக்காக. கார்த்திகை இருபத்தேழாம் நாள் கோகிலாவைப் பிரசவத்துக்கு அழைத்துவருவதாக நாள் குறித்திருந்தது. கோகிலாவுக்கு முதல் கரு ஐந்தாம் மாதத்தில் கலைந்தது, காரமடையில், பால் கேன் தூக்கிய மறுநாள். சம்பந்தி வீட்டில் ஆறு மாடு. சம்பந்தியம்மாள் கெட்டவர் அல்லர், அவரும் தூக்குவார், தூக்காமல் இருப்பது என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது, அவ்வளவே. இந்த முறை கடைசி மாதமாவது மகள் தன் கண்முன்னே, கனமான எதையும் தொடாமல், அடுப்போரத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருக்க வேண்டும் என்று தெய்வானை மாதக்கணக்கில் மனத்துக்குள் அந்த அடுப்போரத்தைப் பெருக்கிப் பெருக்கி வைத்திருந்தாள்.

வீங்கிய கன்னத்தைச் சால்வையால் கட்டிக்கொண்டு பிலோமினா வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏன்க்கா, கேட்டுட்டுத்தானே உள்ள எடுத்தே?"

"கேட்டேன் பிலோமி."

"யாரு கேட்டா?"

"நாந்தான்."

"நல்லாயிருக்கு. நீயே பொண்ணு பாத்து நீயே மாப்பிள்ளை ஆனாப்புல." சிரிக்கப்போய், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனகினாள். "சரி விடு. ரெண்டு நாள்ல போயிரும். விருந்தாளிதானே."

விருந்தாளி போகவில்லை. ஏழாம் நாள் அது பலகையிலிருந்து இறங்கிச் சிவப்புத் தரையில் பாதி அறைக்குப் பரவியது. சுவரில் ஏறிக் காலண்டரின் தேதித்தாள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்தது. குடத்துத் தண்ணீரின்மேல் மூடி போட்டது. அடுப்பு எரியும்போது பூனையைப் போல மெல்லப் பின்வாங்கிச் சன்னலடிக்குப் போகும். அடுப்பு அணைந்தால் திரும்ப வரும். அந்த ஏழு நாளும் வெளியே விடியற்காலையில் எழுந்து வயலுக்கு ஓடியவர்கள், மிலார் என்ற காட்டுச் செடியால் பாத்தியை மூடியவர்கள், வெயில் படுமுன் இலையைக் கழுவத் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள், ஒருவரும் ஒரு பொட்டு வெள்ளையைக் காணவில்லை. பக்கத்து ஊர்களிலெல்லாம் உருளைச்செடி கருகிக் கிடக்க, ஊசிமட்டத்துச் சரிவு மட்டும் ஆனிமாதம் போல் பச்சையாய் நின்றது.

ஊர் அதைத் தெரிந்துகொண்ட விதம் பற்றியும் பல சொல்முறைகள் உள்ளன. தெய்வானை அறிந்தபடி நடந்தது இது: கார்த்திகை இருபத்தாறாம் நாள் நடுப்பகலில், நாளை மகளை அழைக்கப் போகவேண்டுமே என்ற பதைப்பில், அவள் தொட்டியைத் தூக்கி வெளியே வேலியோரம் வைத்தாள். வீடு ஒரு மணி நேரத்தில் காய்ந்தது. மறுநாள் காலையில், வேலியை ஒட்டியிருந்த அவரைப்பந்தல் கறுத்துத் தொங்கியது. பந்தலுக்கு அப்பால் விவசாயச் சங்கத் தலைவர் பொன்னுரங்கத்தின் கேரட் நிலத்தில் முதல் இரண்டு பாத்தியும் கறுத்திருந்தன. பொன்னுரங்கம் பாத்தியைப் பார்த்தார், பந்தலைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். அறுபது வயது ஆள், சத்தம் போடவில்லை. குழந்தையைத் தூக்குவதுபோல் இரு கையாலும் தொட்டியைத் தூக்கிவந்து வாசலில் நின்றார்.

"தங்கச்சி, குளிருக்குப் பயந்து வந்ததை வெளிய தள்ளலாமா? உள்ள வச்சுக்கம்மா."

"அண்ணே, புள்ளத்தாச்சிப் பொண்ணு வர்றா."

"வரட்டுமே. யாரு வேணாம்னது? மொதல்ல இதை வாங்கு, கை கடுக்குது."

அவள் வாங்கினாள். கணவர் இறந்த ஆண்டு காற்றில் கூரைத்தகடு பறந்தபோது, மழையில் நின்று மூங்கிலைத் தோளில் தாங்கியவர் அவர். கூரை திரும்ப ஏறும்வரை நாற்பது வீட்டிலிருந்தும் ஆள் வந்தது. அதை நினைத்து வாங்கினாள். வாங்கும்போதே, அன்று காரமடைக்குப் போகமுடியாது என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

அதன் பிறகு ஊர் அந்தப் பனியைத் தன் வீட்டுப் பொருள்களுள் ஒன்றாக்கிக்கொண்ட வேகத்தைச் சொல்லவேண்டும். முதலில் வேடிக்கை பார்க்க வந்தார்கள். பிறகு பால் வைக்க வந்தார்கள். பூ வியாபாரி மல்லிகைக் கூடையை வைத்துவிட்டுப் போனான். மேல்வரிசைப் பெண் ஒருத்தி தோசைமாவைக் கொண்டுவந்து வைத்து, மூன்று நாளாகியும் பொங்கவில்லையே என்று தெய்வானையிடமே குறைப்பட்டுக்கொண்டாள். வாசலில் சிலர் கற்பூரம் கொளுத்தப் போனார்கள். சூடு ஆகாது என்று மற்றவர்கள் தடுத்து, கற்பூரத்தைக் கொளுத்தாமலே வைத்துக் கும்பிட்டார்கள். பிலோமினாவின் பாதிரியார் வந்து, இதை ஆசீர்வதிப்பதா ஓட்டுவதா என்று தெளியாமல், தேநீர் குடித்துவிட்டுப் போனார். வேளாண் அலுவலகத்திலிருந்து வந்த இளைஞர் வெப்பமானியைத் தரையில் வைத்துக் குறித்துக்கொண்டு, தம் படிவத்தில் வீட்டுக்குள் பனி என்பதற்குக் கட்டம் இல்லாமையால், குளிர்பதன வசதி உண்டு என்ற கட்டத்தில் குறியிட்டார்.

பனிக்கு ஆள் வேண்டும் என்பதும் தெரியவந்தது. ஒரு நாள் பகலில் தெய்வானை குளிர் பொறுக்காமல் பிலோமினா வீட்டில் சற்று நேரம் படுத்தெழுந்து வந்து பார்க்க, வெள்ளை அவள் வாசற்படிவரை வந்து, வெளியே போவதா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் நின்றிருந்தது. சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பானைச் சோறு வேகும் நேரம் வீட்டில் ஆளில்லாவிட்டால் அது வாசலை நோக்கி நகர ஆரம்பிக்கும். ஆள் உள்ளே வந்து உட்கார்ந்தால் சன்னலடிக்குத் திரும்பும். ஆகவே தெய்வானை வீட்டில் இருக்கவேண்டும் என்று ஆயிற்று. அடுப்பை எரித்தால் அது சுருங்குகிறது, சுருங்கினால் எங்கே போகுமோ என்று ஒருவர் சொல்ல, அடுப்பு எரியக்கூடாது என்று ஆயிற்று. சமையலுக்குக் கவலைப்படாதே என்று மேல்வரிசையும் கீழ்வரிசையும் முறைவைத்துச் சோறு கொண்டுவந்தன. இரண்டு நாளில், பத்திரமாக இருக்கட்டும் என்று, சிலிண்டரையும் அடுப்பையும் சங்கத்துக் கட்டடத்துக்கு எடுத்துப்போனார்கள். எல்லோரும் அன்பாகவே செய்தார்கள். ஐந்து கம்பளி கொடுத்தார்கள். பொங்கலன்று சங்கத்தில் அவளுக்குப் பொன்னாடை போர்த்துவது என்று தீர்மானமும் போட்டார்கள். தெய்வானை ஐந்து கம்பளிக்கும் அடியில் படுத்து, தன் மூச்சே கம்பளியின் ஓரத்தில் சரிகையாவதைக் காலையில் பார்த்து, அதை நகத்தால் சுரண்டிக்கொண்டே, நாள் எண்ணினாள்.

மகளிடம் பொய் சொன்னாள். முதலில், வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்றாள். அது அவ்வளவு பெரிய பொய்யாகவும் இல்லை. பிறகு, கூரைத்தகடு மாற்றுகிறார்கள் என்றாள். அதற்குள் மார்கழி பிறந்தது. மார்கழியில் பெண்ணை அனுப்பும் வழக்கமில்லை என்று சம்பந்தியம்மாள் இழுத்தார். அவரே விட்டுக்கொடுத்து, ஒன்பதாம் மாதமாயிற்று, அழைத்துப் போங்கள் என்று சொன்ன நாளில், தெய்வானைக்கு வேறொன்றும் தோன்றாமல், தெருவில் அம்மை போட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டாள்.

"அம்மையா!" என்றார் சம்பந்தியம்மாள் போனில். "நல்லவேளை சொன்னீங்க. அப்ப அவ அங்க வரவே வேண்டாம் சம்பந்தி. இங்கயே நாங்க பாத்துக்கறோம். நீங்க குழந்தை பொறந்ததும் வந்து பாருங்க."

தான் கட்டிய கதவில் தானே பூட்டுப் போட்டதை உணர்ந்து தெய்வானை போனைக் காதிலிருந்து எடுக்காமலே நின்றாள். சம்பந்தியம்மாள் வைத்துவிட்டுப் போன பிறகும் நின்றாள்.

மார்கழி பதினேழாம் நாள் காலை, மாடு கறக்கும் நேரத்தில், கோகிலா தானே பேசினாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள்; பின்னால் ஒரு கன்று கத்திக்கொண்டிருந்தது.

"அம்மா, நீ வெள்ளையடிச்சதும் பொய், அம்மை போட்டதும் பொய். பிலோமி அத்தை பொண்ணுக்கிட்ட கேட்டேன். அவ சிரிக்கிறா, என்னான்னு சொல்ல மாட்டேங்கிறா. ஒனக்கு என்னம்மா ஆச்சு? நான் வர்றது புடிக்கலையா?"

"பைத்தியம் மாதிரி பேசாத. வீட்ல கொஞ்சம் குளிர் ஜாஸ்தி."

"ஊட்டிப்பக்கம் குளிர்னு எனக்கா சொல்ற?" என்று சிரித்தாள், சிரிப்பு பாதியில் நின்றது. "அம்மா, நேத்து கேன் தூக்கிட்டேன். எங்க மாமியாருக்குக் காய்ச்சல், வேற ஆளில்ல. நேத்திலேருந்து அடிவயிறு இழுத்துப் புடிக்குது."

அன்று பகல் இரண்டு மணிக்குத் தெய்வானை சங்கத்துக் கூட்டத்தைக் கூட்டச் சொன்னாள். அவள் சங்கத்துக்குப் போகமுடியாது. ஆகவே சங்கம் அவள் வாசலுக்கு வந்தது. அவள் ஐந்து கம்பளியில் ஒன்றைப் போர்த்திக்கொண்டு வாசற்படியின் உள்பக்கத்தில் நின்றாள்.

"நாற்பது நாளு," என்றாள். "முறைவச்சு ஒரு வீட்டுக்கு ஒரு நாள் வந்தாக்கூடப் போதும். எதிர்வீட்ல எம்பொண்ணோட இருந்துக்கறேன். யாராச்சும் உள்ள வந்து இருங்க."

ஒருவருக்கு வீசிங், ஒருவர் வீட்டில் கைக்குழந்தை, ஒருவர் மலைக்கு மாலை போட்டிருக்கிறார், ஒருத்தியின் மகன் பத்தாம் வகுப்பு. பிலோமினா முன்னால் வந்தாள். அவள் முழங்கால் இரண்டும் குளிருக்குக் கட்டையாகிவிடும் என்பது ஊரறிந்தது. ஒரு நாள் இருக்கிறேன், மறுநாள் என்னைத் தூக்கிக்கொண்டு போக நாலு பேர் வேண்டும், என்றாள். அவள் கணவனே அவள் முந்தானையைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். கூட்டத்தின் கடைசியிலிருந்து ஒரு குரல், பிரசவத்தைக் கொஞ்சம் மாசிக்குத் தள்ளிவைக்க முடியாதா என்று, கேலியாக அல்ல, நிஜமாகவே கேட்டது.

"கேட்டவன் ஆம்பளைதானே?" என்றாள் பிலோமினா. "முன்ன வா. ஒனக்கு எதைத் தள்ளிவைக்கலாம்னு பாக்கறேன்."

சிலர் சிரித்தார்கள். பொன்னுரங்கம் சிரிக்கவில்லை.

"தங்கச்சி," என்றார், "ஒனக்குப் பழகிருச்சு. எங்களுக்குப் பழகலை. இன்னும் இருபது நாளு போனா கெழங்கு எடுத்துருவோம், கேரட்டு எடுத்துருவோம். அதுவரைக்கும் பல்லைக் கடிச்சுக்க. ஒன்னோட தைமும் நிலத்துலதானே இருக்கு?"

"இருக்குங்கண்ணே."

"பின்ன?"

தெய்வானை கம்பளியை இன்னும் இழுத்துப் போர்த்திக்கொண்டாள். கூட்டம் கலைந்தது. யாரோ விட்டுப்போன மிளகுரசத் தூக்குப்போசி வாசலில் ஆறிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை ஏழு மணி ஜீப்பில் தெய்வானை ஏறி உட்கார்ந்ததைப் பலர் பார்த்தார்கள். மேல்வரிசையார் சொல்லும்போது, அவள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடினாள் என்பர். கீழ்வரிசையார், அவள் அழுதுகொண்டே போனாள் என்பர். அவள் பூட்டவில்லை, அழவும் இல்லை. கதவைத் திறந்தே வைத்து, வாசற்படியில் நின்று, குழாயடியில் குடம் நிறைத்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி, "நான் காரமடை போறேன். சாயந்தரம் ஆயிரும். வீட்ல ஆளில்ல. பாத்துக்கங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள். ஜீப் முதல் வளைவைத் திரும்பும்போது, திரும்பிப் பார்க்கக்கூடாது என்று எண்ணி, திரும்பிப் பார்த்தாள். குழாயடியில் ஒருவரும் அசையவில்லை. ஒரு குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.

குன்னூரில் பஸ் மாறி, மேட்டுப்பாளையத்தில் பஸ் மாறி, ஒவ்வொரு வளைவிலும் உடம்பு சூடாவதை உணர்ந்து, சூடாகச் சூடாக விரல்கள் வலியெடுக்க, இந்நேரம் ஒரு பானைச் சோறு வெந்திருக்கும், இந்நேரம் அது வாசற்படிக்கு வந்திருக்கும், இந்நேரம் வேலி, இந்நேரம் பாத்தி, என்று எண்ணிக்கொண்டே அவள் சம்பந்தி வீட்டு வேலியண்டை வந்து நின்றபோது பகல் பன்னிரண்டு. சம்பந்தியம்மாள் காய்ச்சலோடு கட்டுத்தறியில் நின்று சாணி வாரிக்கொண்டிருந்தார்.

"அங்கயே நில்லுங்க சம்பந்தி! அம்மை போட்ட தெருவிலேருந்து வந்து புள்ளத்தாச்சியத் தொட்ராதீங்க!"

"அம்மை இல்லீங்க. பொய் சொன்னேன். வீட்டுக்குள்ள பனி இருக்குதுங்க. செடியோட வந்துருச்சு. போகமாட்டேங்குது. நான் வெளிய வந்தா அது வயலுக்குப் போயிரும்னு ஊர்ல என்னை விடலை."

சம்பந்தியம்மாள் சாணிக்கூடையை இறக்கிவைத்தார். கேட்டதை அவர் நம்பினாரா என்பது முகத்தில் தெரியவில்லை. வேலிப்படலைத் திறந்து வந்து, தெய்வானையின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். விரல் கணுக்களெல்லாம் வெடித்து, நகத்தடி வெளுத்து, ஐந்து மணி நேரப் பயணத்துக்கும் சமவெளி வெயிலுக்கும் பிறகும் அந்தக் கை, கிணற்றடிக் கல்லைப்போல் குளிர்ந்திருந்தது.

"அட கடவுளே, செத்தவ கையாட்டம் இருக்குது," என்றார். பிறகு வீட்டைப் பார்த்துக் கத்தினார்: "கோகிலா! பையை எடு. ஒங்கம்மா வந்துருக்குது. மார்கழியாவது மண்ணாவது." தெய்வானையின் பக்கம் திரும்பினார். "அந்த வீட்டுக்குள்ளயா கூட்டிட்டுப் போறீங்க?"

"இல்லீங்க. எதிர்வீட்டுக்கு."

"அப்ப அந்த வீட்டுல யாரு இருப்பா?"

"தெரியலைங்க," என்றாள் தெய்வானை. அதுதான் உண்மை.

மலையேறும் பஸ்ஸில் கோகிலா அவள் தோளில் சாய்ந்து உறங்கினாள். தெய்வானை உறங்கவில்லை. ஒரு கை மகளின் வயிற்றுக்கு அணையாகக் கொடுத்து, சன்னல்வழியே ஒவ்வொரு சரிவையும் பார்த்துக்கொண்டே வந்தாள். கேத்திப்பக்கம் கருகிய உருளைச்செடி. அதற்கப்பால் கருகிய அவரை. தன் ஊர் வளைவு வரவர அவள் கண்ணை மூடிக்கொண்டாள். குன்னூரில் மாறி ஏறிய ஜீப் நின்றபோது மணி நாலரை. கண்ணைத் திறந்தாள். ஊசிமட்டத்துச் சரிவு பச்சையாய் இருந்தது.

இரண்டு வரிசை ஆட்களும் அவள் வீட்டின்முன் நின்றார்கள். கூட்டம் விலகி வழிவிட்டது. திறந்த கதவுக்குள், சன்னலடிப் பலகைக்கு எதிரே, அவள் கட்டிலில், குரங்குக்குல்லாயும் நாலு கம்பளியும் போர்த்திக்கொண்டு பொன்னுரங்கம் உட்கார்ந்திருந்தார். மீசை வெளுத்திருந்தது. காலை பத்து மணிக்கு வெள்ளை வேலியைத் தாண்டி அவர் கேரட்டுக்கு நாலு அடி தூரத்தில் வந்தபோது, மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, அவர் நிலம்தான் பக்கத்தில் என்பதால் அவரே உள்ளே போகவேண்டியதாயிற்று. அவருடைய மனைவி வாசலில் நின்று, கொடுக்கமுடியாத சுடுதேநீர்க் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு தேம்பிக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியா தங்கச்சி," என்றார் பொன்னுரங்கம். பல் கிட்டித்தது. "வா, வா. சீக்கிரம் வந்து மாத்து. எனக்குக் காலு எங்க இருக்குன்னே தெரியலை."

தெய்வானையின் கால்கள் தன் வாசலை நோக்கி இரண்டு அடி எடுத்துவைத்தன, பழகிய கால்கள். நாற்பது வீட்டுக் கண்களும் அந்தக் கால்களை உள்ளே தள்ளின. மழையில் அவர் தோளில் தாங்கிய மூங்கில் அவள் கண்முன் நின்றது. அன்று அவர் தாங்கியதும் உண்மை, அதற்கு அவள் நன்றி உடையவள் என்பதும் உண்மை. பின்னால் கோகிலா, இடுப்பில் கையை ஊன்றி, பையைத் தரையில் வைத்துவிட்டு, "அம்மா," என்றாள். பையைத் திரும்ப எடுக்கக் குனிந்தாள்.

தெய்வானை திரும்பி வந்து, மகள் கைக்கு முன்னால் பையை எடுத்தாள்.

"அண்ணே," என்றாள், கதவைப் பார்க்காமல். "எம்பொண்ணுக்கு வெந்நீ வைக்கணுங்க."

மகளின் முழங்கையைப் பிடித்து எதிர்வீட்டுக்குள் அழைத்துப்போனாள். பிலோமினா ஏற்கெனவே விறகடுப்பைப் பற்றவைத்திருந்தாள். தெய்வானை அண்டாவில் தண்ணீர் ஊற்றினாள், விறகைத் தள்ளினாள். தண்ணீர் சூடேறும் நேரமெல்லாம், அவர் எழுந்து வருகிற காலடி கேட்கிறதா என்று அவள் காது சுவரோடு ஒட்டியிருந்தது. சன்னல் வழியே பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை, பிலோமினாதான் பார்த்தாள்.

"எந்திரிக்கலை," என்றாள். கொஞ்சம் கழித்து, "அவரு பொண்டாட்டி உள்ள போறா," என்றாள். இன்னும் கொஞ்சம் கழித்து, அதிசயமாய், "மேல்வரிசையிலேருந்து யாரோ பாயைச் சுருட்டிக்கிட்டு இறங்கி வர்றாங்கக்கா. ஆரு, அந்த வீசிங்காரரா?"

கோகிலவாணிக்குத் தை நான்காம் நாள், பகல் பதினொரு மணிக்கு, குன்னூர் அரசு மருத்துவமனையில் ஆண் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் பிலோமினா வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அவ்வாண்டின் மிகக் கொடிய குளிர் அந்த நாளில்தான் என்பதில் அனைவரும் ஒத்துப்போகிறார்கள். அன்று பகல் முழுவதும் பனியோடு அந்த வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தவர் யார் என்பதில்தான் பாடபேதம். பொன்னுரங்கத்தின் வீட்டார் அவர்தான் என்பர். வீசிங்காரர் வீட்டார் அவர்தான் என்பர். பத்தாம் வகுப்புப் பையனின் தாய், தானும் மகனும் சேர்ந்து இருந்ததாகவும் அவன் கணக்கு முழுவதையும் அங்கேதான் படித்ததாகவும் சொல்வாள். நாற்பது வீட்டிலும் கேட்டால் நாற்பது பேர் கிடைப்பார்கள். மாசிக் கடைசியில் பனி போயிற்று. அது எப்படிப் போனது என்று சொல்ல ஒருவரும் அக்கறை கொள்வதில்லை. தெய்வானையிடம் வந்து, நீதானே பார்த்தாய், எங்கள் ஆள்தானே உள்ளே இருந்தது, சொல் என்று சாட்சிக்கு இழுப்பவர்கள் உண்டு. ஆமாம் என்பாள் எல்லாரிடமும். அவள் அன்று எவரையும் பார்க்கவில்லை. அடுப்போரத்தில் உட்கார்ந்து, குழந்தையின் உள்ளங்காலைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அது சூடாகத்தான் இருக்கிறதா என்று, ஒவ்வொரு நிமிடமும், மாலைவரை, பார்த்துக்கொண்டே இருந்தாள். சூடாகத்தான் இருந்தது.